இந்த வாரம் என் முறை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் சொற்பொழிவாளன் அல்லேன். பத்தாம் வகுப்புடன் படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் சேர்ந்து, ரசீதும் பேரேடும் எழுதிக் காலங்கழிக்கும் ஒரு குமாஸ்தா. மாதர் பிரிவின் செயலாளர் அம்மையார், "எங்கள் பிரிவுக்குப் பயன்படும்படி எதையேனும் பேசுங்கள்" என்று பணித்தார்கள். ஆகவே, ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்த மகளிர் சங்கங்கள் ஆற்றிவரும் சமூகத் தொண்டைப் பற்றிச் சில சொற்கள் கூற முன்வந்தேன். நான் அத்திருச்சபையைச் சேர்ந்தவன் அல்லேன். பின் ஏன் இப்பொருளை எடுத்துக்கொண்டேன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் என் வீட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி.

நான் இவ்வூருக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டில் என் மனைவி விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மூத்த பையனுக்கு அப்பொழுது இரண்டு வயது. எனக்கோ இரவு டியூட்டி. அக்கம்பக்கத்தார் முகம் பழகவில்லை, மொழியும் பழகவில்லை. இரண்டாம் நாள் காலையில் நான் வீடு திரும்பியபோது, அடுப்பங்கரையில் அறிமுகமில்லாத ஓர் அம்மையார் கஞ்சி காய்ச்சிக் கொண்டிருந்தார். காலனியின் கோடியில் உள்ள பழைய மாதாகோயிலின் மகளிர் சங்கத்தைச் சேர்ந்தவர். பால்காரன் வாயிலாகச் செய்தி எட்டியதாம். பதினொரு நாட்கள் மூன்று பெண்மணிகள் மாறி மாறி வந்தனர். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் முயன்றேன். அவர் பெரிதாக ஒன்றும் கூறவில்லை. "இந்த வாரம் என் முறை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துப் போனார்.

அச்சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. பரோபகாரம் என்றோ புண்ணியம் என்றோ அவர் சொல்லவில்லை, முறை என்றார். நாங்கள் வண்டி நிலையத்தில் முறை வைத்து வேலை பார்ப்பதைப்போல், இவர்கள் முறை வைத்து இரக்கம் காட்டுகிறார்களே என்று வியந்தேன். இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பி, கிடைத்த நூல்களைப் படித்தேன். அவ்வாறு படித்தறிந்ததையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இங்கிலாந்து தேசத்தில் ஹாம்ப்ஷயர் என்னும் மாவட்டத்தில் ஓல்ட் ஆல்ஸ்ஃபோர்டு என்று ஒரு சிற்றூர். அவ்வூர்க் குருவானவரின் மனைவி மேரி சம்னர் என்னும் அம்மையார், 1828ஆம் ஆண்டு பிறந்தவர். மூன்று மக்களின் தாய். 1876இல் அவருடைய மகள் ஒரு குழந்தையைப் பெற்றபோது, தம் தலைச்சன் குழந்தையைக் கையில் ஏந்திய நாளில் தமக்கிருந்த அச்சமும் மலைப்பும் அவர் நினைவுக்கு வந்தன. ஓர் உயிரை வளர்த்து ஆளாக்கும் பொறுப்புக்கு யாரும் தம்மைப் பழக்கவில்லையே, ஊரில் உள்ள தாய்மார் எல்லோருக்கும் இதே நிலைதானே என்று எண்ணினார். உடனே செல்வர் வீட்டுப் பெண்டிரையும் குடிசைப் பெண்டிரையும் ஒருங்கே தம் குருமனைக்கு அழைத்தார்.

பெண்கள் வந்து கூடினர். ஆனால், அழைத்த அம்மையாருக்கோ நா எழவில்லை. நடுக்கத்தால் ஒரு சொல்லும் பேச இயலாமல், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் அவர்கள் மீண்டும் வந்தனர்; அம்மையாரும் பேசினார். 'மதர்ஸ் யூனியன்' எனப்படும் தாய்மார் ஐக்கிய சங்கம் இவ்வாறு தோன்றியது. முதல் நாள் கூட்டம் தோல்வியில் முடிந்ததே என்று அவர் கதவைச் சாத்தியிருந்தால், இந்த வரலாறே இல்லை. நம் மாதர் பிரிவில் பேசக் கூசும் சகோதரிகள் இதனைக் கருத்தில் இருத்த வேண்டும்.

ஒன்பது ஆண்டுகள் அது ஓர் ஊரின் சங்கமாகவே இருந்தது. 1885இல் போர்ட்ஸ்மவுத் நகரில் நடந்த திருச்சபை மாநாட்டில், மகளிர் கூட்டத்தில் பேசவிருந்த பேராயர் ஒருவர், பெண்களுக்குச் சொல்ல என்னைவிடத் தகுதியுடையவர் இவரே என்று மேரி சம்னரை மேடையேற்றினார். அன்று நா எழாதவர் இன்று ஆயிரம் பேர் உள்ளத்தைத் தொட்டார். அதன்பின் ஊர்தோறும் கிளைகள் எழுந்தன. 1892இல் உறுப்பினர் தொகை 60,000, 1900இல் 1,69,000. 1897இல் விக்டோரியா அரசி அதன் புரவலர் ஆனார். 1921இல் அம்மையார் மறைந்தபொழுது அவருக்கு 92 வயது. இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில் 40 இலட்சத்திற்கும் அதிகமானோர் அதன் உறுப்பினர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கப் பெண்மணிகள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் நாட்டில் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையும் 1970இல் வட இந்தியத் திருச்சபையும் அமைந்தபோது, ஆங்கிலிக்கன் சபையார் பிற சபையாருடன் ஒன்று கலந்தனர். பெயர் மாறினும் மகளிர் தொண்டு நிற்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து அன்பர்கள் பெண்கள் ஐக்கியச் சங்கத்தை நன்கு அறிவர்.

இனி, இச்சங்கத்தார் செய்வது யாது? பெரிய மாளிகைகளும் மருத்துவமனைகளும் அன்று. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்குச் சின்னஞ்சிறு சட்டையும் தொப்பியும் பின்னிக் கொடுப்பர். சிறையிலிருக்கும் தந்தையைக் காண வரும் பிள்ளைகள் காத்திருக்கும் நேரத்தில், அவர்களுக்கு விளையாட்டுக் காட்டி அச்சம் போக்குவர். கடற்கரையைக் கண்டறியாத ஏழைக் குடும்பங்களைச் சில நாட்கள் அங்கே அழைத்துச் சென்று இளைப்பாறச் செய்வர். இவற்றில் எதற்கும் பட்டமோ பெருஞ்செல்வமோ வேண்டுவதில்லை. முறை தவறாத மனம் ஒன்றே வேண்டும்.

ஆப்பிரிக்காவில் புருண்டி என்னும் சிறு நாடு. 1993 முதல் பல்லாண்டு அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு, ஹூட்டு, டுட்ஸி என்னும் இரு இனத்தார் ஒருவரையொருவர் அழித்தனர். அந்நாட்டிலும் மலாவி, சூடான் நாடுகளிலும் 2000ஆம் ஆண்டளவில் இச்சங்கத்தார் எழுத்தறிவு வட்டங்களைத் தொடங்கினர். உள்ளூர்ப் பெண்ணே ஆசிரியை. மரத்தடியே பள்ளி. குடிநீர், நோய், வீட்டுச் சண்டை என்று அவரவர் வாழ்க்கையிலிருந்தே பேச்சைத் தொடங்கி, அப்பேச்சில் வரும் சொற்களைக்கொண்டே எழுத்தைக் கற்பிப்பர். மருந்துச் சீட்டைப் படிக்கவும், ரேகை வைத்த இடத்தில் கையெழுத்திடவும் அவர்கள் கற்றனர். பகைத்த இனத்துப் பெண்கள் ஒரே வட்டத்தில் அமர்ந்து படித்தனர் என்பதை எண்ணுங்கால் உள்ளம் நெகிழ்கிறது.

சட்டத்திலும் இவர்கள் கருத்துச் செலுத்தினர். இங்கிலாந்தில் பெண்ணின் திருமண வயது சட்டப்படி 12 ஆகவே நெடுங்காலம் இருந்தது. அதனை உயர்த்தக் குரல் கொடுத்தோருள் இச்சங்கத்தாரும் உண்டு. 1929இல் அது 16 ஆயிற்று. அதே 1929இல்தான் நம் நாட்டில் சாரதா சட்டம் நிறைவேறிப் பெண்ணின் மணவயது 14 என விதிக்கப்பட்டது. நமக்குப் பாடம் சொல்ல வந்தவர்கள் நாட்டிலும் அதுவரை நிலை அவ்வளவே என்பதை அறிவது நன்று.

நிற்க. நல்லதை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் முறையன்று. திருமணம் வாழ்நாள் முழுமைக்கும் உரிய பந்தம் என்ற கொள்கையில் இச்சங்கத்தார் மிக உறுதியாக நின்றனர். அவ்வுறுதியின் விளைவாக, மணமுறிவு பெற்ற பெண் எவரும் உறுப்பினராக முடியாது என்று விதி வகுத்தனர். தவறு கணவனுடையதேயாயினும் கதவு அவளுக்கு அடைபட்டிருந்தது. தாய்மாரைத் தாங்க எழுந்த சங்கம், யாருக்குத் தாங்குதல் பெரிதும் தேவையோ அவளையே வாசலில் நிறுத்தியது. நெடுநாள் வாதத்திற்குப் பிறகு, 1970களின் முற்பகுதியில் அவ்விதி நீக்கப்பட்டது. இன்று மணமாகாதோரும் ஆடவரும்கூட அதில் சேரலாம். விதியைத் தளர்த்தினால் கொள்கை அழிந்துவிடும் என்று அஞ்சியவர் பலர். கொள்கை அழியவில்லை.

அன்பர்களே, அவர்கள் குறையைச் சொல்லிவிட்டு நம் குறையைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன் ஆவேன். நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை ஆறு ஆண்டுகளாக எழுதி வருபவன் நான். அதில் முதற்பத்தி 'குடும்பத் தலைவர் பெயர்'. நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் காலனியில் ஒரு வீட்டில் கணவர் குடும்பத்தை விட்டுச் சென்றுவிட்டார். அவ்வாண்டு சந்தா வரவில்லை. விதிப்படி நான் அப்பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடிட்டேன். அப்பெயருடன் அந்த அம்மையாரும் அவருடைய இரு பெண் குழந்தைகளும் பதிவேட்டை விட்டுப் போயினர். பொங்கல் விழாவுக்கு அழைப்பில்லை. திருவிளக்கு வழிபாட்டுக்கு அழைப்பில்லை. பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்கும் அழைப்பில்லை. அவர் அரைத்துத் தரும் இட்லி மாவை வாங்காத வீடு நம்மிடையே குறைவு. அவரை வீட்டுக்குள் அழைத்து அமரச் சொன்ன வீடு அதனினும் குறைவு. யாரும் அவரை வேண்டுமென்று விலக்கவில்லை. ஒரு குமாஸ்தாவின் பேனா விலக்கியது, மற்றவர்கள் கவனிக்கவில்லை.

சென்ற மாதம் என் மனைவியுடன் அவர் இல்லத்திற்குச் சென்று, இதனை மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். "என் பெயரைச் சொல்ல வேண்டாம் அண்ணா, பட்டியலில் எழுதினால் போதும்" என்றார். அவர் இன்று இவ்வவையில் இல்லை. அக்குற்றம் அவருடையதன்று.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைத்து அமர்கிறேன்.

முதலாவது, பதிவேட்டில் 'குடும்பத் தலைவர்' என்னும் பத்தியை எடுத்துவிட்டு, வீட்டிலுள்ள வயது வந்த ஆண், பெண் ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே எழுதுவோம். சந்தா செலுத்த இயலாதவர் பெயரை அடிக்க வேண்டுமாயின், முதலில் இருவர் அவர் வீட்டுக்குச் சென்று காரணம் கேட்டறிந்து வரட்டும்.

இரண்டாவது, மாதர் பிரிவில் ஒரு முறைப் பட்டியல் அமைப்போம். வாரத்திற்கு இரு வீட்டார். புதிதாக மாற்றலாகி வந்தவர், நோயுற்றவர், பிள்ளை பெற்றவர், கணவன் இரவு டியூட்டியிலிருக்கத் தனித்திருப்பவர் ஆகியோர் வீட்டுக் கதவைத் தட்டுவது அவ்வாரத்தார் கடமை. தமிழ் படிக்கத் தெரிந்தும் மருத்துவமனை வாசலில் இந்திப் பலகையைப் படிக்கத் தெரியாமல் திகைக்கும் சகோதரிகள் நம்மிடையே உண்டு. வாரம் ஒரு மாலை அவர்களுடன் அமர்ந்து எழுத்துச் சொல்லித்தரக் கல்லூரி செல்லும் நம் பெண்மக்கள் முன்வரலாம். ஆடவர்க்கும் பட்டியலில் இடம் உண்டு. முதல் வாரத்தில் என் பெயரை எழுதுக.

மூன்றாவது, பிடி அரிசி. உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடும் வழக்கம் நம் தமிழ்நாட்டில் கோயில் சார்ந்தோரிடமும் உண்டு. மாதாகோயில் சார்ந்தோரிடமும் உண்டு. அதற்குச் சமயம் பார்க்க வேண்டுவதில்லை. மாதக் கடைசியில் கலயங்களைச் சங்கக் கூடத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தால், இல்லாத வீட்டுக்கு அதனைச் சேர்ப்பிக்கலாம். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்ற பேச்சுக்கே இடமிராது.

ஊரை விட்டு, உறவை விட்டு இத்தனை தொலைவு பிழைக்க வந்த நமக்கு, நாமே ஒருவருக்கொருவர் உறவு. ஆண்டுக்கொருமுறை கூடி விருந்துண்டு கலைவது மட்டும் சங்கம் ஆகாது. என் வீட்டு அடுப்பங்கரையில் அன்று கஞ்சி காய்ச்சிய அம்மையார் இப்பொழுது ஓய்வு பெற்றுத் தம் மக்களிடம் போய்விட்டார். அவரிடம் பட்ட கடனை அவருக்கே திருப்பித் தர எனக்கு வழியில்லை. அடுத்த வீட்டாருக்குத்தான் தர முடியும்.

புதிய ஆண்டின் பதிவேட்டை நேற்று இரவு எழுதத் தொடங்கினேன். முதற்பக்கத்தில், கோடிட்ட அந்த வீட்டைச் சேர்ந்த அம்மையாரின் பெயரை அவர் பெயராகவே எழுதியிருக்கிறேன். செயற்குழு அதனை ஏற்றுக் கையொப்பமிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!