ஆச்சி தந்த கடன்



எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த முதல் ஆசிரியை, பள்ளிக்கூடமே போகாத என் ஆச்சி. பாடப்புத்தகம், பல்லாங்குழி. 14 குழி; குழிக்கு 5 புளியங்கொட்டை, ஆக 70. எடுக்கும்போதே ஆட்டம் எங்கே முடியும் என்று ஆச்சி கண்ணாலேயே எண்ணிவிடுவாள். தன் குழியில் 4 சேர்ந்தால் "பசு" என்று அள்ளிக்கொள்வாள்.

என் கை காலியானால் எழுந்துவிடப் பார்ப்பேன். "உக்காருலே. நான் கடன் தாரேன், ஆடு. எதிராளி இல்லாம ஜெயிச்சு என்ன செய்ய?" என்பாள். அடுத்த ஆட்டத்தில் அந்தக் கடனை ஒரு கொட்டை விடாமல் வசூலித்தும் விடுவாள்!

இக்கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது, விடுதிக் கட்டணத்துக்காக ஆச்சியின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. முதல் சம்பளத்தில் மீட்கணும் என்றிருந்தேன். இறுதியாண்டுத் தேர்வுக்கு முன்பே ஆச்சி போய்விட்டாள். புளியங்கொட்டைக் கடனை மறக்காதவள், வளையலைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

அதனால்தான் வருஷா வருஷம் இங்கே ஒரு மாணவருக்கு விடுதிக் கட்டணம் கட்டி வருகிறேன். தோழர்களே, நீங்களும் ஆளுக்கு ஒருவரை ஏற்றுக்கொள்ளுங்கள். பணமில்லை என்று யாரும் ஆட்டத்திலிருந்து எழுந்து போகக் கூடாது.