நூறு கஜத்துக்கு அப்பால்

(திருவட்டாறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை எதுவும் விற்கக் கூடாதென்கிறது 2003-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. நல்ல சட்டம், வரவேற்கிறோம். அந்த நூறு கஜத்துக்கு அப்பால் உள்ள வயலுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் சுகாதாரக் கல்வி எப்போது வரும்?

நம் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகளுக்குத் தலைமை நெல்லையிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம். அதே நெல்லைச் சீமையில்தான், முக்கூடல் வட்டாரத்தில், நம் சகோதரிகள் முறத்தை மடியில் வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றுகிறார்கள். தாய் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறாள்; அந்தக் கூலியில் மகள் கல்லூரிக்குப் போகிறாள். அந்த மகளிடம், "புகையிலை தீது" என்று சுவரொட்டியைக் காட்டினால் போதுமா? அவள் தாய்க்கு மாற்று வேலை எங்கே?

நம்மவர்களும் லேசில்லை. புகையிலையை வாயில் அடக்கினால் பசி தெரியாதாம்! பசி மறைவது மெய்தான். கன்னத்தில் ஆறாத வெள்ளைத் திட்டும், வாய்ப் புற்றுநோயும் பிறகு வருகின்றன. பசி தெரியாத கூலிக்காரன் கூலி உயர்வு கேட்பானா? முதலாளிக்கு அதில் என்ன நஷ்டம்?

ஆகவே பல்கலைக் கழகத்தைக் கேட்கிறோம்: மாணவர்களையும் டாக்டர்களையும் கூலி நாளான சனிக்கிழமை மாலையில் இங்கே அனுப்புங்கள். வாயைத் திறந்து காட்ட நாங்கள் தயார்.