திருவாயிலும் திருநந்தவனமும்

(வீரகேரளம்புதூர்ச் சொற்பொழிவு)



குற்றால மலையினின்று இழிந்துவரும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து, வீரகேரளம்புதூரில் அனுமன் நதியைத் தன்னோடு கூட்டிக்கொள்கின்றது. ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை அமைந்ததும், காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரைப் போற்றியதும் இவ்வூரேயாகும். இவ்வாற்றங்கரையினின்று மேற்கு நோக்கிச் செல்வோரைத் தொலைவிலேயே எதிர்கொள்வது தென்காசி காசிவிசுவநாதர் ஆலயத்தின் இராஜகோபுரம்.

கோபுரம் என்பது வாயில். ஆயினும் அது காவலுக்கு மட்டும் எழுந்த வாயிலன்று. ஆலயத்துள் புக இயலாதவர்க்கும் தூரத்திலிருந்தே தரிசனம் தரும் தூல லிங்கம் எனப் பெரியோர் அதனைப் போற்றுவர். அதன் அமைப்பில் நுட்பமான ஓர் ஒழுங்குண்டு. உபபீடம், அதிட்டானம், சுவர், பிரஸ்தரம் என்னும் அடிப்பகுதிகள் கருங்கல்லால் ஆயவை. அவற்றின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட நிலைகள் எழுகின்றன. பாரம் தாங்கும் இடத்தில் கல். உயரும் இடத்தில் இலேசான செங்கல். ஒவ்வொரு நிலையும் கீழுள்ளதினும் சுருங்கிச் செல்வதால் பாரம் புறத்தே சாயாமல் அடித்தளத்தில் அடங்குகின்றது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழி வரும் சாரற்காற்று இவ்வாயிலின் இடைகழியில் நெருங்கி வீச, அன்பர் மெய் குளிர்ந்து உட்புகுவர்.

இவ்வாலயத்தை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பியவன் பராக்கிரம பாண்டியன். செண்பக வனத்தில் எறும்பின் சாரையைத் தொடர்ந்து சென்று அம்மன்னன் இறைவனைக் கண்டான் என்று தலபுராணம் கூறும். ஆகவே இங்கே வனம் முந்தியது, வாயில் பிந்தியது. கோபுரம் முற்றுப்பெறு முன்னரே மன்னன் சிவபதம் எய்த, அவன் இளவல் குலசேகர பாண்டியன் அப்பணியை நிறைவேற்றினான்.

மன்னன் கல்லில் பொறித்த ஒரு விண்ணப்பம் உண்டு. இவ்வாலயத்திற்கு என்றேனும் குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் யாவராயினும் அவரை உலகறியத் தான் வணங்குவதாக அவன் எழுதிவைத்தான். முடிசூடிய மன்னன், இன்னும் பிறவாத அடியார்க்குத் தலைவணங்கினான்!

அவன் அஞ்சிய குறை பின்னாளில் நேர்ந்தது. இடி தாக்கியதால் பிளந்தது என்று சொல்லப்பெறும் அக்கோபுரம், மேனிலைகள் இழந்து, தலைமுறை பலவாக மொட்டைக் கோபுரமாய் நின்றது. ஆயினும் கல்லடித்தளம் நிலைகுலையவில்லை. அதன்மீதே ஒன்பது நிலைகளுடன், ஏறத்தாழ 180 அடி உயரத்தில், அன்பர் பலர் கொடையால் கோபுரம் மீண்டும் எழுந்தது. 1990ஆம் ஆண்டில் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அந்நாளில் பொருளீந்தோரும் கல் சுமந்தோரும் பாண்டியன் வணக்கத்திற்கு உரியவராயினர்.

எனினும் கோபுரத்தைக் கெடுப்பது இடி மட்டுமன்று. பறவை இட்ட ஆலம்வித்து ஒன்று செங்கல் இடுக்கில் முளைக்குமாயின், அதன் வேர் சில ஆண்டுகளில் நிலையைப் பிளந்துவிடும். முளையிலே கிள்ளுவதற்கு ஓர் ஆள் போதும். மரமானபின் பெருஞ்செலவும் போதாது. வாயிலின் மேல் செடி வளர்தலும், நந்தவனத்தில் செடி வாடுதலும் ஒரே மறதியின் இரு பயன்கள்.

கோபுரத் திருப்பணிக்குப் பொன்னும் பொருளும் ஈவோர் பலர். நாள்தோறும் நந்தவனத்திற்கு நீர் இறைப்போர் சிலரே. கொடையாளர் பெயரைக் கல் தாங்கும். நந்தியாவட்டைக்கும் அரளிக்கும் நீர் வார்த்தவன் பெயரை எக்கல்லும் தாங்குவதில்லை. அவன் பணி மாலையாகி இறைவன் தோளில் ஏறி, மறுநாள் நிர்மாலியமாகிறது. ஆயினும் அம்மலர் இன்றிப் பூசை இல்லை. பூசையின்றிக் கோபுரத்திற்கும் பொருள் இல்லை.

கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அதற்கு இடைப்பட்ட ஒவ்வொரு நாளும் அடியார் கையில் உள்ளது. ஒரு குடம் நீரும், ஒரு முளை களைதலும் திருப்பணியே எனக் கொள்வோர்க்கு, பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒரு பாண்டியன் தலைவணங்கி நிற்கின்றான்.

திருச்சிற்றம்பலம்.