பிள்ளை முன்னே, ஆயா பின்னே

காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டால், ஏற்காட்டுப் பக்கம் பல வீடுகளில் காலை எட்டு மணிக்கே பூட்டுத் தொங்கும். அம்மா பறிப்புக்குப் போயிருப்பார். பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை பக்கத்து வீட்டு அக்காவிடமோ காப்பக ஆயாவிடமோ நிற்கும். நவம்பரில் தொடங்கிப் பொங்கல் தாண்டியும் இப்படித்தான்.

1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டங்களில் காப்பகம் வைக்கச் சொன்னது. அதுவும் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. பால்வாடியும் அந்த வயதோடு சரி. பெரிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அக்கம்பக்கத்தாரின் நல்ல மனசுதான். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குழந்தைகளை வைத்திருக்கும் ஆயா, பெரியவளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது எப்படி? ஆறாம் வகுப்புக்குப் போனால் தூரமும் கூடிவிடுகிறது.

"எந்த வயசுல டீச்சர் தனியா அனுப்பலாம்?" காப்பகங்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போதெல்லாம் இதைத்தான் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு, எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. கண்ணுக்கும் மூளைக்கும் அந்தப் பக்குவம் வரச் சில வருஷம் ஆகும். அதனால் பத்து வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம் என்பேன். பத்துக்கு மேல் என்றால், கூட நடந்து பாருங்கள் என்பேன். பிள்ளை முன்னால் போகட்டும். நீங்கள் பத்தடி பின்னால், வாயைத் திறக்காமல் வாருங்கள். இந்த நடையைப் பற்றி எத்தனை நேரம் வேண்டுமானாலும் நான் பேசுவேன்!

நாகலூர்ப் பக்கம் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பின்னால் அப்படி நடந்தேன். சாலையின் வலது ஓரமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி போனாள். ஒரு வளைவுக்கு முன்னால் சட்டென்று நின்றாள். சத்தம் ஒன்றுமில்லை, பனிமூட்டம் மட்டும். ஏன் நின்றாய் என்று கேட்டேன். "இறங்குற வண்டி நியூட்ரல்ல வரும் டீச்சர், சத்தமே கேக்காது" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பைக் ஓசையில்லாமல் எங்களைக் கடந்து இறங்கியது. ஏறுகிற வண்டிக்குக் காது போதும், இறங்குகிற வண்டிக்குக் கண் வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஒருநாள் பின்னால் போய்ப் பாருங்களேன்.

சில்வர் ஓக் மரத்தடியில் காப்பிச் செடிகளுக்குள் போகும் குறுக்குப் பாதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே காட்டெருமை நிற்கும். கண்டால் கத்தக்கூடாது, கல்லெறியக்கூடாது, போனில் படம் பிடிக்க நிற்கவும் கூடாது. அதன்மேல் கண் வைத்தபடி மெல்லப் பின்வாங்கி, ஆள் இருக்கும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதையும் அந்தச் சிறுமியிடம் கேட்டேன். எந்த வீட்டுக்குப் போவேன் என்று கை நீட்டிக் காட்டினாள். பனிமூட்டமும் மழையும் உள்ள நாளில் குறுக்குப் பாதையே வேண்டாம்.

நேரம் குறைவு, மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவோ அப்பாவோ சம்மதம் சொல்லாமல் எந்த ஆயாவும் பிள்ளையைத் தனியே அனுப்பக்கூடாது. பிள்ளை தனியாக வருவது வகுப்பு டீச்சருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூட இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் இன்னும் நல்லது. வழியில் யாராவது தொல்லை கொடுத்தால் 1098-க்குப் பிள்ளையே பேசலாம், காசு கிடையாது.

உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள்தான் அதிகம். பறிப்புத் தொடங்குமுன் ஒரு கூட்டத்தில் இதைப் பேசி, வளைவுகளில் கண்ணை மறைக்கும் புதரை ஊராட்சியிடம் சொல்லி வெட்டச் செய்வீர்கள் என்று நம்புகிறேன்.