அரங்கேறும் கண்ணீர்

மனம் திறப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். திருவண்ணாமலையில் நின்று அதைப் பேச எச்சம்மாளிடமிருந்து தொடங்கலாம்.

மண்டகொளத்தூர்க்காரர். கணவர், மகன், மகள் என்று ஒவ்வொருவராகப் பறிகொடுத்தவர். ரமண மகரிஷி இந்த மலையின் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில் (1899–1916) மலையேறி வந்து அவர்முன் நின்றார். சுமார் ஒரு மணி நேரம் இருவரும் பேசவே இல்லை. இறங்கும்போது துக்கத்தின் பாரம் குறைந்திருந்தது. அதற்குப் பின் நாள்தோறும் அவருக்குச் சோறாக்கிச் சுமந்து போவதே எச்சம்மாளின் வாழ்க்கை. செல்லம்மாள் என்றொரு பெண்ணை வளர்த்து, கல்யாணமும் செய்து கொடுத்தார். பேரன் பிறந்தான், ரமணன் என்று பேர் வைத்தார்கள். பிறகு ஒருநாள் தந்தி. உடம்பு சரியில்லை என்ற தகவல்கூட முன்னால் வரவில்லை, செல்லம்மாள் போய்விட்டாள். தந்தியும் கையுமாக மலைக்கு ஓடினார். அதை வாசித்த ரமணரின் கண்கள் கலங்கின என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ஆர்தர் ஆஸ்போர்ன் எழுதுகிறார்.

ஞானி அழலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் ருசியில்லை. முதல் தடவை மௌனம், அடுத்த தடவை கண்ணீர். தன்னைப் பற்றி யார் என்ன நினைப்பார்கள் என்ற கணக்கு இரண்டிலும் இல்லை.

நாயன்மார் கதைகளான பெரியபுராணம் வாசிக்கும்போதும் ரமணருக்குத் தொண்டை அடைத்துவிடும். மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை வைத்துவிடுவார். அடியவர் தேவராஜ முதலியார் அவருடைய ஒரு பேச்சைக் குறித்து வைத்திருக்கிறார். இந்தக் கதைகளைச் சபையில் சொல்கிறவர்கள் உடையாமல் எப்படித்தான் சொல்கிறார்களோ, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டுதான் தொடங்குவார்கள் போலும் என்றாராம். கேலி போலத் தோன்றினாலும் கதாகாலட்சேபக்காரர்களுக்கு இதில் இழுக்கில்லை. கண்ணப்பருக்காக நம்மை அழவைக்கிறவர் தானும் அழ வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அது தொழில், நேர்மையான தொழில். தன் கதையையே காலட்சேபமாக்கி, தனக்காக நம்மை அழவைக்கும்போதுதான் எனக்கு நெருடுகிறது.

அதற்காக, செதுக்கிச் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. இந்த ஊரில் திருவெம்பாவை பாடியதாக மரபு போற்றும் மாணிக்கவாசகரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய திருச்சதகம் நூறு பாட்டு, அந்தாதி. அவ்வளவு யாப்புக் கட்டுக்குள் நின்றுகொண்டு அவர் ஒப்புக்கொள்வது என்ன? தன் பக்தியே ஒரு நடிப்பு, அடியார் வேடம் போட்டு முத்திக்குள் நுழையப் பார்க்கிறேன் என்பது. பக்தனுக்கு இதைவிடக் கேவலமான வாக்குமூலம் உண்டா? காமத்தையும் கோபத்தையும் ஒப்புக்கொண்டால் பக்தி மிச்சமிருக்கும். இவர் அதையும் விட்டுவைக்கவில்லை.

நம் காலத்து வாக்குமூலங்கள் இந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. “என் பலவீனமே எல்லாரையும் நம்பிவிடுவதுதான்” என்று பேட்டியில் சொல்கிறவர் குறை சொல்லிக்கொள்கிறாரா, சான்றிதழ் எழுதிக்கொள்கிறாரா? பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கைபேசியைத் தன் முகத்துக்கே திருப்பிவைத்துக் கண்ணீரோடு பேசுகிறார்கள். துக்கம் மெய்யாகவே இருக்கலாம், நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எதைக் காட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்று முடிவாகிவிட்டது. சொன்னால் கேவலமாகிவிடும் என்ற பகுதி வெட்டப்பட்டுவிட்டது. சமயத்தில், சரியாக வரவில்லை என்று திரும்பவும் எடுப்பார்கள்.

பழி முழுக்க அவர்கள்மேல் இல்லை, பார்க்கிற நமக்கும் பங்கு உண்டு. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த ஊர் வ.உ.சி. நகரில் மண்சரிவு விழுந்து ஏழு பேர் புதைந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அப்படிப்பட்ட தெருக்களுக்குக் கேமராக்கள் எப்படி வரும் என்பது நமக்குத் தெரியும். மைக்கை நீட்டி, இப்போ எப்படி இருக்குங்க என்று கேட்பார்கள். கதறுகிறவரிடம் நிற்பார்கள், திகைத்துப்போய் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதைத்தான் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம், பக்கத்து வீட்டுக்கும் அனுப்புகிறோம்.