குரலில் தெரியும் முகம்



நாடகம் என்றாலே காட்சி என்பது பொதுவான எண்ணம். கண்ணுக்கு எதையும் காட்டாமல், குரலையும் ஓசையையும் மட்டுமே நம்பி நிற்பது ஒலி நாடகம். தமிழர்க்கு வானொலி வழியே பழக்கமான இவ்வடிவம், இங்கிலாந்தில் அறிவியல் புனைவுக்குத் துணை நிற்கிறது. 1963இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரின் நாயகர் ஒரு காலப்பயணி. அவரை வைத்துப் பிக் ஃபினிஷ் நிறுவனம் 1999 முதல் ஒலி நாடகங்கள் வெளியிட்டு வருகிறது. 2009இல் வந்த ‘மேரியின் கதை’யில், அவர் 1816ஆம் ஆண்டின் ஜெனீவா ஏரிக்கரையில் எழுத்தாளர் மேரி ஷெல்லியைச் சந்திக்கிறார். 2011இல் வந்த ‘வெள்ளித் துருக்கன்’ நாடகத்தில் மேரி அவருடன் 1873ஆம் ஆண்டின் வியன்னா நகருக்குச் செல்கிறார்.

மேரியைத் தேர்ந்ததற்குப் பொருள் உண்டு. அவ்வேரிக்கரையில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கதையை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. 1818இல் வெளியான அந்நாவலில், மனிதன் படைத்த உயிரை அவனே கைவிடுகிறான். கண்டவர்கள் அஞ்சி விரட்டுகின்றனர். அதன் பேச்சைக் கேட்டு அன்புடன் இருக்கை தருபவர் பார்வையற்ற முதியவர் ஒருவரே. ஒலி நாடகம் கேட்பவர் ஒவ்வொருவரும் அம்முதியவரின் இடத்தில் அமர்கிறார். உருவம் மறையும்போது துயரம் முதலில் செவியை எட்டுகிறது.

‘துருக்கன்’ என்னும் பெயருக்கும் வரலாறு உண்டு. துருக்கர் உடையணிந்து சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றை 1770இல் கெம்பெலன் என்பவர் வியன்னா அரசவையில் காட்டினார். உண்மையில் பெட்டிக்குள் ஒளிந்திருந்த மனிதனே காய் நகர்த்தினான். நாடகத்தில் காட்சிக்கு வைக்கப்படும் வெள்ளித் துருக்கனோ, உடலின் இடத்தில் உலோகம் பொருத்தப்பட்ட ஓர் உயிர். இயந்திரத்தினுள் ஓர் உயிர் இருப்பதைப் பார்ப்பவர் அறியார் என்பதே இரண்டுக்கும் பொது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்துக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் சான்ட்ரோ கார் உற்பத்தி தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆயினும் செல்பேசித் தொழில் இவ்வட்டாரத்தை விட்டு அகலவில்லை. மேரி எழுதத் தொடங்கிய அதே இளம் வயதில், பெண்கள் பிற மாவட்டங்களிலிருந்து வந்து, விடுதிகளில் தங்கி, இரவும் பகலும் ஷிப்டு முறையில் உழைக்கின்றனர். உலகம் கையில் ஏந்தும் கருவிக்குள் அவர்களின் விரல்கள் ஒளிந்திருக்கின்றன. விடுதி உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றபின், 2021 டிசம்பரில் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் அமர்ந்தனர். அப்போதுதான் அவர்கள் குரல் நாடெங்கும் கேட்டது. மறியல் வரை அக்குரல் காத்திருக்க நேர்ந்தது இலக்கியத்துக்கும் பெருமை அன்று.

இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் ‘துன்பக்கேணி’யில் எழுதிய புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். தமிழ் ஒலி நாடகம் ஒன்றில், காலப்பயணி அவரை ஒரகடத்து ஆலை வாசலுக்கு அழைத்து வரட்டும். அதற்கு மேடையும் திரையும் தேவையில்லை. நான்கு நல்ல குரல்களும் ஒரு ஒலிவாங்கியும் போதும். இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் பேருந்தில், தாங்கள் செய்த செல்பேசியிலேயே அப்பெண்கள் அதைக் கேட்கலாம். அந்நாடகத்தில் ஒலிக்கும் குரல்களுள் ஒன்றேனும் அவர்களுடையதாக இருத்தல் வேண்டும்.