பெட்ரோல் விலை யார் கையில் இருக்கு? ஒரு குடும்பக் கணக்கு

இன்னைக்கு எபிசோட்ல பெட்ரோல் விலையைப் பத்திப் பேசப்போறோம். இது பழைய புலம்பல்தானே, புதுசா என்ன இருக்குன்னு நினைக்கலாம். ஆனா பங்க்ல நாம கொடுக்கிற நூறு ரூபாய் எங்கெங்க போகுது, அது எப்போ கூடுது, எப்போ குறையுதுன்னு தேதி வாரியாப் பார்த்தா, அரசியல் கூட்டத்துல யாரும் சொல்லாத சில விஷயம் தெரியும். அதனால இன்னைக்கு கொஞ்சம் கணக்குப் போடுவோம். பேனா பேப்பர் எல்லாம் வேண்டாம், மனக்கணக்கே போதும்.

முதல்ல வீட்டுக் கணக்கு

ஒரு குடும்பத்தை எடுத்துக்குவோம். பூந்தமல்லியில வீடு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை. ஷிஃப்ட் முடியற நேரத்துக்கு பஸ் கிடையாது, அதனால பைக். போக வர தினம் 40 கிலோமீட்டர். மாசத்துல 26 நாள் வேலை. பைக் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்குதுன்னு வச்சுக்கிட்டா, மாசம் 23 லிட்டர் வேணும். இது வேலைக்குப் போய் வர மட்டும். பிள்ளையை ட்யூஷன்ல விடறது, ஞாயித்துக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போறது எல்லாம் தனி.

2020 மே மாசத் தொடக்கத்துல சென்னையில பெட்ரோல் 72 ரூபாய் 28 காசு. 2021 ஜூலை 2-ஆம் தேதி அது நூறைத் தாண்டிச்சு. நடுவுல பதினாலு மாசம்தான். இந்தக் குடும்பத்தோட பெட்ரோல் செலவு 1,660 ரூபாயில இருந்து 2,300 ரூபாய்க்குப் போச்சு. வித்தியாசம் 640 ரூபாய்.

640 ரூபாய் பெருசான்னு கேட்கலாம். 2021-ல ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். தினம் ஒரு பாக்கெட் வாங்கினா மாசத்துக்கு 600. அதாவது வீட்டுக்கு வர்ற மாசப் பால் மொத்தமும் பைக் டேங்குக்குள்ள போன மாதிரி. அதுவும் எப்போ? கொரோனா காலத்துல, பாதிச் சம்பளம் வந்த வீடுகள்ல, ஓவர்டைம் நின்னுபோன வீடுகள்ல. பெட்ரோலைக் குறைக்க முடியாது, ஏன்னா அது இல்லாம சம்பளமே வராது. அதனால பழம் குறையும், சீட்டு கட்டறது தள்ளிப்போகும், நகை அடகுக்குப் போகும். பெட்ரோல் ஏத்தம் எப்பவும் வேற ஏதாவது செலவுல இருந்துதான் கழியும்.

அந்த நூறு ரூபாயைப் பிரிச்சுப் பார்த்தா

2021 ஜூலையில சென்னையில ஒரு லிட்டர் 102 ரூபாய் சொச்சம். அதுல ஒன்றிய அரசோட கலால் வரி 32 ரூபாய் 90 காசு. மாநில அரசோட வாட் வரி கிட்டத்தட்ட 25 ரூபாய். பங்க் டீலர் கமிஷன் நாலு ரூபாய்க்குள்ள. மிச்சம் நாப்பது ரூபாய் சொச்சம்தான் எண்ணெயோட விலை, சுத்திகரிப்பு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து.

ஆக வரி மட்டும் 57 ரூபாய்க்கு மேல. நம்ம குடும்பம் 23 லிட்டருக்கு மாசம் 1,300 ரூபாய் வரி கட்டியிருக்கு. வருமான வரி கட்டற அளவுக்குச் சம்பளம் இல்லாத குடும்பம் அது. ஆனா வருஷத்துக்கு 15,000 ரூபாய்க்கு மேல பெட்ரோல்ல மட்டும் வரி கட்டியிருக்கு. 'ஏழைங்க எங்க வரி கட்டறாங்க'ன்னு யாராவது கேட்டா இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

குறையும்போது நமக்கு ஏன் வரலை?

'கச்சா எண்ணெய் ஏறினா விலை ஏறும், இறங்கினா இறங்கும்'னு நமக்குச் சொல்லியிருக்காங்க. 2010 ஜூன்ல பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினாங்க. 2014 அக்டோபர்ல டீசலுக்கும் நீக்கினாங்க. 2017 ஜூன் 16-ல இருந்து நாடு முழுக்க தினசரி விலை மாற்றம் வந்துச்சு.

நடந்தது என்ன? 2014 நடுவுல நூறு டாலருக்கு மேல இருந்த கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்துல முப்பது டாலருக்குக் கீழ வந்துச்சு. அந்த இடைவெளியில, 2014 நவம்பர்ல இருந்து 2016 ஜனவரி வரைக்கும், கலால் வரியை ஒன்பது தடவை ஏத்தினாங்க. இறங்கின விலையில பெரும்பகுதி அரசு கஜானாவுக்குப் போச்சு.

2020-லயும் அதே கதை. ஊரடங்குல உலகமே நின்னப்போ கச்சா எண்ணெய் சரிஞ்சுது. மார்ச்ல பெட்ரோல் மேல 3 ரூபாய் வரி, மே மாசம் ஒரே ராத்திரியில 10 ரூபாய் வரி. ஆக மொத்தம் 13. டீசலுக்கு 3-ம் 13-ம் சேர்த்து 16. மே மாச ஏத்தத்தால பங்க் விலை ஏறலை, அதனால நமக்கு வலி தெரியலை. இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்கலை, அவ்வளவுதான்.

மாநில அரசும் சும்மா இருக்கலை. அதே மே மாசத் தொடக்கத்துல அன்னைக்கு இருந்த அ.தி.மு.க. அரசு வாட் வரியை மாத்தினதுல, சென்னையில பெட்ரோல் ஒரே நாள்ல மூணே கால் ரூபாய் ஏறிச்சு.

இப்போ 'நிவாரணம்'ன்னு சொன்னதைப் பாருங்க. 2021 தீபாவளிக்கு முதல் நாள் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 10 ரூபாய் கலால் வரி குறைப்புன்னு அறிவிச்சாங்க. 2022 மே மாசம் இன்னொரு 8-ம், 6-ம். பெட்ரோலுக்கு 5-ம் 8-ம் 13. டீசலுக்கு 10-ம் 6-ம் 16. கொரோனா வருஷத்துல ஏத்தினது எவ்வளவோ, அதே தொகை. காசு மாறாம அதையே ரெண்டு தவணையில திருப்பிக் கொடுத்திருக்காங்க. ஆனா அதுக்குள்ள கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியிருந்துது. அதனால அந்தக் குறைப்புக்கு அப்புறமும் சென்னையில விலை 102 ரூபாய் 63 காசு.

தேர்தல் காலண்டர்

தினசரி மாறணும்னு சொன்ன விலை எப்போ மாறாம நின்னுதுன்னு பாருங்க. 2018 மே மாசம் கர்நாடகத் தேர்தலுக்கு முன்னாடி 19 நாள் அசையலை. 2021-ல தமிழ்நாடு, மேற்கு வங்கம், கேரளா தேர்தல் நேரத்துல ஏறலை, சில்லறைக் காசு குறையவும் செஞ்சுது. மே 2 ஓட்டு எண்ணிக்கை, மே 4-ல இருந்து ஏத்தம். 2021 நவம்பர்ல இருந்து 137 நாள் அப்படியே நின்னுது. நடுவுல உத்தரப் பிரதேசத் தேர்தல். 2022 மார்ச் 10-ல முடிவு, மார்ச் 22-ல விலை நகர ஆரம்பிச்சு, ரெண்டே வாரத்துல நாடு முழுக்க சுமார் 10 ரூபாய் ஏறிச்சு. சென்னையில 101.40-ல இருந்து 110.85. 2024-ல மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி 2 ரூபாய் குறைப்பு.

'கம்பெனிகள்தான் விலையை முடிவு பண்றாங்க'ன்னு அரசு சொல்லும். பெரும்பாலான பங்க் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் இந்த மூணு கம்பெனியோடது. மூணுமே பொதுத்துறை. அவங்க தரப்பு நியாயத்தையும் சொல்லணும். 2022-ல கச்சா எண்ணெய் உச்சத்துல இருந்தப்போ விலையை ஏத்த முடியாம நஷ்டப்பட்டாங்க. அது உண்மை. ஆனா அடுத்த வருஷம் எண்ணெய் இறங்கினப்போ விலையைக் குறைக்காம பெரிய லாபம் பார்த்தாங்க. அதுவும் உண்மை. ரெண்டு தடவையும் அந்த ஏற்ற இறக்கத்துல நம்மகிட்ட யாரும் கேட்கலை.

மாநிலம் ஏன் குறைக்க மாட்டேங்குது?

தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம்னு சொல்லிச்சு. ஆட்சிக்கு வந்து ஆகஸ்ட் பட்ஜெட்ல பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் குறைச்சுது. நம்ம குடும்பத்துக்கு மாசம் 69 ரூபாய் மிச்சம். அரசுக்கு வருஷம் 1,160 கோடி இழப்புன்னு அன்னைக்கு நிதியமைச்சரா இருந்த பழனிவேல் தியாகராஜன் சொன்னார். டீசல் வாக்குறுதி அப்படியே நின்னுது.

இதுக்குப் பின்னாடி ஒரு காரணம் இருக்கு. ஒன்றிய அரசோட அந்த 32.90-ல அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசுதான். மிச்சமெல்லாம் செஸ், கூடுதல் வரின்னு வேற பேர்ல. அடிப்படை வரியை மட்டும்தான் மாநிலங்களோட பங்கு போடணும். அந்த 1.40-ல 41 சதவீதம் எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து. அதுல தமிழ்நாட்டுப் பங்கு சுமார் 4 சதவீதம். ஒரு லிட்டருக்குத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது ரெண்டு காசு சொச்சம். அதனால மாநிலம் தன் வாட் வரியைக் கெட்டியாப் பிடிச்சுக்குது. ஜி.எஸ்.டி.க்குள்ள கொண்டு வாங்கன்னா ரெண்டு பக்கமும் தயங்கறதுக்குக் காரணம் இதுதான். ரெண்டு அரசும் ஒண்ணையொண்ணு கைகாட்டும், பில் நமக்கு வரும்.

அப்போ எதைக் கேட்கணும்?

என் கருத்தைச் சொல்றேன், மறுக்கலாம். வரியே வேண்டாம்னு நான் சொல்லலை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் எல்லாம் வரியில்தான் நடக்குது. 2021 மே மாசம் வந்த பெண்களுக்கான இலவச டவுன் பஸ்ஸை எடுத்துக்குங்க. வீட்டு வேலைக்கு, பூக்கடைக்குப் போற பெண்ணுக்கு, லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கிறதை விட அது பெரிய உதவி. ஏன்னா அவங்ககிட்ட வண்டியே கிடையாது. ராத்திரி ஷிஃப்ட் முடியற நேரத்துக்கு ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து பூந்தமல்லிக்கு ஒழுங்கா பஸ் விட்டா, நம்ம குடும்பத்துக்கு 69 ரூபாய் இல்லை, அந்த 2,300-ல பெரும்பகுதி மிச்சமாகும்.

அதனால அடுத்த தடவை 'விலை குறைப்பு'ன்னு தலைப்புச் செய்தி வந்தா, இதுக்கு முன்னாடி எவ்வளவு ஏத்தினாங்கன்னு பாருங்க. பக்கத்துல எந்தத் தேர்தல் இருக்குன்னு பாருங்க. ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட லிட்டருக்கு எவ்வளவு குறைப்பீங்கன்னு கேட்கிறதோட நிறுத்தாம, எங்க ஊருக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ்ஸுன்னும் கேளுங்க. முதல் கேள்விக்கு எல்லார்கிட்டயும் பதில் தயாரா இருக்கும். ரெண்டாவது கேள்விக்குத்தான் யோசிப்பாங்க.

உங்க வீட்டுல மாசம் எத்தனை லிட்டர் ஆகுது, அதுக்காக எந்தச் செலவை வெட்டினீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல காஸ் சிலிண்டர் கணக்கோட சந்திப்போம்.